ஊரில் வீடு வாங்கும்போது என்ஆர்ஈ கணக்கிலிருந்தே பணம் கொடுங்கள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடோ ஃபிளாட்டோ வாங்குகிறீர்களா? அப்பா கணக்குக்கு அனுப்பி அவரைக் கட்டச் சொல்லாமல், உங்கள் என்ஆர்ஈ கணக்கிலிருந்தே (வெளிநாட்டு வருமானத்தை ரூபாயில் போட்டுவைக்க, வெளிநாடுவாழ் இந்தியருக்கான இந்திய வங்கிக் கணக்கு) விற்பவருக்கு நேரடியாகக் கொடுங்கள். கிரயப் பத்திரத்தில் காசோலை எண்ணும் வங்கிப் பெயரும் ஏறட்டும். அந்த மாத ஸ்டேட்மென்ட்டையும் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.

வீடு வாங்கக் கொடுத்த பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கு ஆதாரம் இருந்தால், பின்னாளில் விற்கும்போது அந்த அளவு தொகையைத் திரும்ப வெளியே கொண்டுபோக ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதி இடம் தருகிறது. லாபம் மட்டும் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் உள்நாட்டு வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) வழியாக, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்புக்குள்தான் போகும்.

இந்தச் சலுகை இரண்டு குடியிருப்பு வீடுகளுக்கு மட்டுமே. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு என்றால் எந்தக் கணக்கிலிருந்து கொடுத்தாலும் வாங்க முடியாது.