கார்பன் நிறமாலைக் கோட்டின் மூலம் விண்மீன் பிறப்பை அளப்பது எப்படி?

ஒரு கேலக்ஸியில் ஆண்டுக்கு எத்தனை சூரியன் எடைக்கு விண்மீன்கள் பிறக்கின்றன? அயனியான கார்பன் 157.74 மைக்ரானில் (மைக்ரான் என்பது மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விடும் தொலை அகச்சிவப்பு ஒளியை அளந்தாலே இதைக் கணிக்கலாம். நிறமாலையில் இந்த ஒளி ஒரு குறுகிய முகடாகத் தெரியும்; அதைத்தான் கோடு என்கிறோம். மெசியர் 51 என்ற சுருள் கேலக்ஸியை வைத்துச் செய்து பார்ப்போம்.

காரணத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அது புரியாமல் கணக்குப் போட்டால் பின்னால் குழப்பம்தான். இளம் கனத்த விண்மீன்களின் புற ஊதா ஒளி தூசித் துகள்களில் பட்டு எலக்ட்ரான்களைத் தெறிக்க வைக்கிறது. அவை சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்குகின்றன. அந்த வாயு கார்பன் அயனிகளின் மேல் மோத, அயனிகள் அந்தச் சூட்டை ஒளியாக வெளியே அனுப்பிவிடுகின்றன. வந்த சூடும் போன சூடும் ஈடாக இருக்கும்வரை, இந்தக் கோடு புற ஊதா ஒளியின் அளவைச் சொல்லும்.

படி 1: தரவு. நம் வளிமண்டலத்தின் நீராவி இந்த ஒளியை விழுங்கிவிடும். அதனால் 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் காப்பகத்துக்குப் போங்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

படி 2: கோட்டைத் தேடுங்கள். மெசியர் 51 நொடிக்குச் சுமார் 460 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்கிறது. அதனால் கோடு 157.98 மைக்ரான் பக்கம் நகர்ந்திருக்கும்.

படி 3: பரப்பளவு. கோட்டுக்கு அடியில் தூசியின் வெப்ப ஒளி மேடு போலக் கிடக்கும். இருபுறமும் உள்ள புள்ளிகளில் நேர்கோடு பொருத்தி அதைக் கழித்துவிடுங்கள். அப்புறம் மிச்சமுள்ள முகட்டில் மணி வடிவக் காஸ் வளைவைப் பொருத்துங்கள். முகட்டின் அகலம் பெரும்பாலும் கருவி தருவது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம், பரப்பளவுதான் முக்கியம். ஓரிடத்தில் 3.6 ஜான்ஸ்கி-மைக்ரான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம் (ஜான்ஸ்கி என்பது வந்துசேரும் ஒளியின் அளவைச் சொல்லும் அலகு). இந்த அலைநீளத்தில் ஒரு ஜான்ஸ்கி-மைக்ரான் என்பது 1.2×10⁻¹⁶ வாட்/மீ². ஆக, 4.3×10⁻¹⁶ வாட்/மீ².

படி 4: ஒளிர்திறன். தூரம் (D) 8.6 மெகாபார்செக், அதாவது 2.65×10²³ மீட்டர். படி 3-இல் கிடைத்ததை 4πD²-ஆல் பெருக்கினால் 3.8×10³² வாட். சூரியனின் 3.83×10²⁶ வாட்டால் வகுத்தால், ஏறக்குறைய பத்து லட்சம் சூரியன்கள்.

படி 5: பிறப்பு வீதம். கார்பன் கோட்டில் ஒரு கோடி சூரியன் ஒளிர்திறன் இருந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சூரியன் எடை. நம் இடத்துக்கு 0.1 வருகிறது. இரண்டு மடங்கு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

படி 6: நம்பலாமா? இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். கோட்டின் ஒளிர்திறனை அதே இடத்தின் மொத்தத் தொலை அகச்சிவப்பு ஒளிர்திறனால் வகுங்கள். சாதாரணமாக 0.1 முதல் 1 விழுக்காடு வரை வரும். அதற்கும் கீழே போனால் கணக்கு பிறப்பைக் குறைத்துக் காட்டுகிறது என்று சந்தேகப்படுங்கள். புற ஊதா ஒளி மிகக் கடுமையான இடங்களில் தூசி நேர்மின்னூட்டம் ஏறிப்போய், எலக்ட்ரான்களை எளிதில் விடாது என்பது ஒரு விளக்கம். சுருள் கரங்களுக்கு நடுவில் நிலைமை தலைகீழ்: அங்கே வயதான விண்மீன்களும் வாயுவைச் சூடாக்குவதால் எண் கூடுதலாக வரலாம். மெசியர் 51-இன் மையத்தில் கருந்துளை இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தாக்கமும் கணக்கில் கலந்துவிடும் என்பதால் மையப் பகுதியை விட்டுவிட்டுக் கரங்களில் இருந்தே தொடங்குங்கள்.