கண்காட்சி மாட்டுக்குக் காளை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செபராங் பிறையில், நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் மாடு வளர்க்கும் நம்மவர்களில், செர்டாங்கில் நடக்கும் மாஹா விவசாயக் கண்காட்சி மாதிரியான இடத்தில் தங்கள் மாட்டை நிறுத்த ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நல்ல ஆசை. ஆனால் அதற்கான வேலை காளையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

காளையின் பருமனைப் பார்த்து மயங்குவதுதான் பெரிய தவறு. பளபளக்கும் அந்த உடம்பில் செம்பனைப் பிண்ணாக்குக்கும் பங்கு உண்டு. தீனி போட்டு ஏற்றிய கொழுப்பு கன்றுக்கு இறங்காது. இறங்குவது எலும்புக்கட்டு, கால், முதுகு, குணம். அதனால் காளையைவிட அதன் கன்றுகளைப் பாருங்கள், அதுவும் வெவ்வேறு பசுக்கள் ஈன்ற கன்றுகளை. எல்லாவற்றிலும் ஒரே குறை தெரிந்தால் அது காளை கொடுத்ததாகவே இருக்கும். முடிந்தால் காளையின் தாயையும் பார்த்துவிடுங்கள். தாயின் தொங்கிய மடி, மகன் வழியாகப் பேத்திக்கு வரலாம்.

பசுவை மறந்துவிட்டுக் காளை தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். மலேசிய நாட்டு இனமான கெடா-கிளந்தான் பசு சிறிய உடம்பு கொண்டது. முதல் ஈற்றுக் கிடேரிக்கு ஷாரோலே போன்ற பெரிய இனத்தின் சினை ஊசி போட்டால், கன்று வெளியே வர முடியாமல் இரண்டு உயிருக்கும் ஆபத்து. தயவுசெய்து இதில் துணிச்சல் காட்டாதீர்கள். அப்புறம், பசுவின் பின்னங்கால் அதிகம் வளைந்திருக்கிறது என்பதற்காகக் குச்சிபோல் விறைத்த கால் உள்ள காளையைத் தேடக்கூடாது. சரியான வளைவுள்ள காளைதான் வேண்டும்.

நல்ல காளை கிடைத்துவிட்டால் அதையே அதன் மகள்களுக்கும் விடுவார்கள். அப்பன்-மகள் சேர்க்கையில் உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்வதன் அளவு, 25 சதவீதம். வளர்ச்சியும் சினை பிடிப்பதும் குறையும். சினை ஊசி போட்டால், அதே காளையின் விந்து மகளுக்கும் போய்விடாமல் இருக்க, விந்துக் குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

இனி கன்று. பிறந்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிடுவது நம்மிடம் அதிகம். காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். சாம்பல் பிரம்மன் இனத்திலும் பழுப்பாய்ப் பிறக்கும் கன்றுகள் உண்டு. நிறத்தைப் பார்த்து விற்றுவிட்டு வருந்த வேண்டாம். கருப்பையில் மடங்கிக் கிடந்த கணுக்கால் சற்று வளைந்திருந்தாலும், நடக்க நடக்கப் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் போதுமான அளவு குடிக்காத கன்று நோயில் விழுந்து பின்தங்கினால், அந்தப் பழியையும் காளை மேல் போடக்கூடாது.

பால் மறக்கும் வயதில் பாருங்கள். சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் நின்று கவனியுங்கள். முன்குளம்பு பதிந்த இடத்தை ஒட்டிப் பின்குளம்பு விழுகிறதா, முதுகு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். எடையை ஒப்பிடும்போது ஒரே வயது, ஒரே தீனி உள்ள கன்றுகளோடு ஒப்பிடுங்கள். முதல் ஈற்றுக் கன்று கொஞ்சம் இளைத்திருப்பது இயல்பு. பெரியவர்கள் சுழி பார்ப்பார்கள், பார்க்கட்டும். காலும் நடையும் சரியில்லாத கன்றைச் சுழிக்காக வைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியை இனவிருத்திக்கு ஒதுக்கி வைக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். அவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் மலடு.