பாட்டும் கேட்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்: முதல் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கைப்பேசி இருக்கும்போது தனியாக ஒரு பாட்டுக் கருவி எதற்கு, அதிலும் பதிவு வசதியோடு? பினாங்கில் பிள்ளைகளைத் திருமுறை வகுப்புக்கும் சங்கீத வகுப்புக்கும் அனுப்பும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான்.

நடுவில் அழைப்பு வந்தால் கைப்பேசியில் பதிவு தடைப்படலாம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று பல கைப்பேசிகள் பின்னணி ஒலியை வடிகட்டுகின்றன. விடாமல் ஒரே சீராக வரும் ஒலி எதுவானாலும் அந்த வடிகட்டிக்கு அது இரைச்சல். தம்பூராவும் சுருதிப் பெட்டியும் அப்படித்தானே ஒலிக்கின்றன? ஆசிரியரின் குரல் மட்டும் மிஞ்சும், சுருதி கரைந்துபோகும். சுருதி கேட்காத பதிவை வைத்துக்கொண்டு பிள்ளை வீட்டில் எப்படிச் சாதகம் செய்யும்?

படி 1: எதைப் பதிவு செய்யப் போகிறீர்கள்?

விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். பாட்டைக் கேட்பதில் கருவிகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை, பதிவில்தான் வித்தியாசம்.

வகுப்பு, சமயச் சொற்பொழிவு, பாட்டி சொல்லும் பழைய கதை: இவற்றுக்குச் சிறிய குரல் பதிவுக் கருவி போதும். சோனி ஐசிடி-யூஎக்ஸ்570 இந்த வகை. பாட்டும் பாடும், உள்ளேயே யூஎஸ்பி முனை இருப்பதால் கணினியில் நேரே செருகலாம், மைக்ரோ எஸ்டி அட்டையும் போடலாம்.

நாதஸ்வரம், தவில், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் கேட்கும் உறுமி மேளம்: இது வேறு உலகம். இந்தச் சத்தத்தைச் சாதாரண மைக் தாங்காது, ஒலி உடைந்து கரகரக்கும். பதிவு அளவைக் கையால் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். தானியங்கி அளவை மட்டும் நம்பினால், தவில் ஓங்கி விழும்போது மொத்த ஒலியையும் அமுக்கிவிடும். அடுத்த நொடி அமைதியானால் இரைச்சலை மேலே தூக்கிவிடும். ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். ஸூம் எச்1என் போன்ற கருவியில் இதற்கென்றே முன்பக்கம் ஒரு திருகு இருக்கிறது. அதன் மைக் 120 டெசிபல் வரை தாங்கும். ஆனால் அது பதிவுக்கென்றே பிறந்தது. ஆல்பம், பாடகர் என்று தேடிப் பாட்டுக் கேட்க அவ்வளவு தோதில்லை.

வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டுகளை மாற்றுவதுதான் நோக்கமா? அப்படியென்றால் 'லைன் இன்' உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். மைக் துளை மிக மெல்லிய மின்சைகைக்கு ஏற்றது. கேசட் இயந்திரத்தின் வெளியீட்டை அதில் நேரே கொடுத்தால் ஒலி சிதறும். சில கருவிகளில் ஒரே துளை இரண்டுக்கும் பயன்படும்.

படி 2: திரும்பக் கேட்கும் வசதி

படிக்கும் பிள்ளைக்கு வாங்கினால் இரண்டு வசதி போதும், மற்றதெல்லாம் பிறகு. ஒன்று, ஏ-பி ரிப்பீட்: ஒரு வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் பாடும். அடுத்தது, வேகத்தைக் குறைப்பது. குறைக்கும்போது சுருதி இறங்கக் கூடாது, கடையிலேயே இதைச் சோதியுங்கள். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும்தான் நான் முதலில் சொல்வேன்.

படி 3: இடம் எவ்வளவு வேண்டும்?

சுருக்காத வேவ் கோப்பு, குறுந்தகட்டின் தரத்தில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட். 128 கிலோபிட் எம்.பி.3 என்றால் மணிக்கு 58 மெகாபைட்தான். பேச்சுக்கு எம்.பி.3 போதும், இசைக்கு வேவ். 32 ஜிபி அட்டையில் வேவ் ஏறக்குறைய 50 மணி நேரம் கொள்ளும். பழைய கருவிகள் பல 32 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை, பெரிய அட்டை வாங்கும் முன் பெட்டியைப் படியுங்கள்.

படி 4: கடையில்

கொம்தார், பிராங்கின் மால் பக்கம் போனால் சொந்த இயர்போனை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம், "அண்ணே, ஒரு நிமிஷம் பதிவு செஞ்சு பாக்கலாமா?" என்று கேளுங்கள். அருகில் ஒரு முறை, மூன்று எட்டுத் தள்ளி நின்று ஒரு முறை பேசுங்கள். நடுவில் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். இயர்போனில் கேட்கும்போது அந்த அமைதியான இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே 'உஸ்' என்ற ஓசை பலமாக இருந்தால் அடுத்த கருவியைக் கேளுங்கள்.

கருவியில் புளூடூத் இருந்தால் பெட்டியிலோ கருவியிலோ மலேசியத் தரச் சான்று அமைப்பான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மின்கலத்தில், கழற்றி மாற்றும் வகையே என் விருப்பம். கோயில் திருவிழாவில் தீர்ந்துபோனால் பக்கத்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

படி 5: முதல் நாள் அமைப்பு

இணையத்தில் மலிவாக வாங்கிய அட்டையாக இருந்தால் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சோதியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலிகள் புழங்குகின்றன. அப்புறம் பின்னணி ஒலியை வடிகட்டும் 'நாய்ஸ் கட்' வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான். தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். பல கருவிகளில் கோப்புப் பெயரில் அதுதான் வரும்.

வகுப்பில் கருவியை ஆசிரியருக்கு எதிரே ஒரு துணியின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தாளம் போடும் தட்டல் எல்லாம் மைக்கில் இடிக்கும். மின்விசிறிக் காற்று நேரே படக் கூடாது. பலமாகப் பாடும் இடத்தில் அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். பூஜ்யம்தான் உச்சம், அதைத் தொட்டால் அந்த இடம் உடைந்தது உடைந்ததுதான், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. வகுப்பு முடிந்த அன்றே கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.