ஆர்எஸ்ஏ-வைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் குறியாக்க முறையான ஆர்எஸ்ஏ பற்றி எவ்வளவு படித்தாலும், கையால் ஒரு தடவை கணக்குப் போடாமல் அது மனதில் ஒட்டாது. பேனா, தாள், பெருக்க ஒரு கால்குலேட்டர், இவ்வளவு போதும்.

இரண்டு பகா எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 11, 23. பெருக்கினால் 253, இதை ஊருக்கே சொல்லலாம். அடுத்து இரண்டிலும் ஒன்றைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள், 10 × 22 = 220. இதை யாரிடமும் சொல்லக் கூடாது. அப்புறம் 220-உடன் பொதுக் காரணி இல்லாத ஒரு எண் வேண்டும், 17 என்று வைத்துக்கொள்வோம். 253-ம் 17-ம் சேர்ந்தால் பொதுச் சாவி, இதை வைத்து யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் செய்தியைப் பூட்டி அனுப்பலாம்.

அதைத் திறக்க உங்களிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவி என்பது, 17-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண். ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடாதீர்கள், யூக்ளிட் முறை இருக்கிறது:

220 = 17 × 12 + 16
17 = 16 × 1 + 1

இப்போது கீழிருந்து மேலே போங்கள். 1 = 17 − 16. அந்த 16-க்குப் பதிலாக 220 − 17 × 12 என்று போட்டால், 1 = 17 × 13 − 220. ஆக, ரகசியச் சாவி 13. நூற்றுக்கணக்கான இலக்கம் உள்ள எண்களுக்கும் கம்ப்யூட்டர் இதே வேலையைத்தான் நொடியில் முடிக்கிறது.

சரி, 7 என்ற செய்தியைப் பூட்டுவோம். 7-ஐ 17-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 253-ஆல் வகுத்து மீதி எடுக்க வேண்டும், ஆனால் பதினேழு தடவை பெருக்க வேண்டியதில்லை, வர்க்கம் எடுத்துக்கொண்டே போய் ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் அடுக்கு 49, 4-ஆம் அடுக்கு 124, 8-ஆம் அடுக்கு 196, 16-ஆம் அடுக்கு 213. இன்னொரு 7-ஆல் பெருக்கினால் 1491, மீதி 226. அனுப்ப வேண்டியது இதுதான்.

திறக்கும்போது 226-ன் 13-ஆம் அடுக்கு. 226-க்குப் பதில் −27 (226 − 253) என்று எழுதினால் கணக்கு லேசாகும். 2-ஆம் அடுக்கு 223, 4-ஆம் அடுக்கு 141, 8-ஆம் அடுக்கு 147. 13 = 8 + 4 + 1 என்பதால் 147 × 141-ன் மீதி 234, அதை 226-ஆல் பெருக்கி மீதி எடுத்தால் 7. வந்துவிட்டது! ஏனென்றால் 17 × 13 = 221, அதாவது 220-ஐவிட ஒன்று அதிகம். ஆய்லர் தேற்றத்தின்படி 7-ன் 220-ஆம் அடுக்குக்கு மீதி 1, மிச்சமிருப்பது அந்த ஒரே ஒரு 7.

பாதுகாப்பு முழுக்க 220-இல் இருக்கிறது. 253-ஐக் காரணிப்படுத்தத் தெரிந்தவருக்கு 220 தெரியும், 220 தெரிந்தால் 13 தெரியும். நிஜச் சாவிகளில் 253-க்குப் பதில் 2048 பிட், அதாவது 617 இலக்கங்கள். 829 பிட் உள்ள ஆர்எஸ்ஏ-250 என்ற எண்ணையே 2020-இல்தான் உடைத்தார்கள்.

ஆனால் காரணிப்படுத்தாமலே உடைக்க ஒரு வழி உண்டு, இதையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். இன்னொருவரின் பொது எண் 299 என்று வையுங்கள். அதே யூக்ளிட் முறையில் பொதுக் காரணியைத் தேடுங்கள்: 299 − 253 = 46, 253-ஐ 46-ஆல் வகுத்தால் மீதி 23, 46-ஐ 23 மீதியின்றி வகுக்கும். இருவரும் 23-ஐப் பொதுவாக வைத்திருக்கிறார்கள், இரண்டு சாவிகளும் போச்சு! 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்திலிருந்து லட்சக்கணக்கான பொதுச் சாவிகளைத் திரட்டி இதே மீப்பெரு பொதுக் காரணிக் கணக்கைப் போட்டு, பல்லாயிரம் கருவிகளின் ரகசியச் சாவிகளை எடுத்துக் காட்டினார்கள். பெரும்பாலும் ரவுட்டர் மாதிரிச் சின்னக் கருவிகள், பவர் ஆன் ஆனதும் போதுமான ரேண்டம் தன்மை கிடைக்காமலே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்தவை.

இன்னொன்று, நாம் மேலே போட்டது வெறும் எலும்புக்கூடு. 7-ஐ எத்தனை தடவை பூட்டினாலும் 226-தான் வரும், எனவே ஒட்டுக் கேட்பவர் எல்லாச் செய்திகளையும் முன்கூட்டியே பூட்டி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும். அதனால்தான் நிஜத்தில் செய்தியோடு ஓஏஇபி என்ற முறையில் ரேண்டம் பிட்களைக் கலந்துவிட்டுப் பூட்டுகிறார்கள். உங்கள் புரோகிராமில் ஆர்எஸ்ஏ தேவைப்பட்டால் நன்கு சோதிக்கப்பட்ட லைப்ரரியையே எடுங்கள், பேடிங் (இப்படிக் கலக்கும் முறை) எது என்று கேட்கும் இடத்தில் ஓஏஇபி-யைக் கொடுங்கள்.