கடைசிச் சாய்கோட்டைக் கவனியுங்கள்

ஒரே சர்வரில் இரண்டு மூன்று தளங்களை என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வலைச் சர்வர் மென்பொருளை வைத்து நடத்துகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒரு சாய்கோடு. 3000 என்ற போர்ட்டில் ஓடும் செயலியை உங்கள் தளத்தின் ‘/கடை/’ என்ற பாதைக்குப் பின்னால் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் பிராக்ஸி பாஸ் (proxy_pass) வரியில் முகவரியை ‘3000’ என்று முடித்தால், ‘/கடை/பட்டியல்’ அப்படியே செயலிக்குப் போகும். ‘3000/’ என்று முடித்தாலோ ‘/கடை’ கழன்றுவிடும். ‘/பட்டியல்’ மட்டுமே போய்ச் சேரும். பதிவேட்டில் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழை வரிசைகட்டி நிற்க, ஒரு மாலை முழுவதும் செயலியின் நிரலைக் குடைந்துகொண்டிருந்தவன் நான்.

அடுத்தது ஹோஸ்ட் ஹெடர், அதாவது எந்தத் தளத்துக்கான கோரிக்கை என்று சொல்லும் வரி. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், பிராக்ஸி பாஸில் எழுதிய முகவரியையே என்ஜின்எக்ஸ் ஹோஸ்ட் என்று அனுப்பிவிடும். செயலி உருவாக்கும் இணைப்புகளில் சர்வர் தன்னையே குறிக்கும் முகவரியான 127.0.0.1 தலைகாட்டுவது பெரும்பாலும் இதனால்தான். பயனர் கேட்ட தளப் பெயரையே அனுப்பும்படி பிராக்ஸி செட் ஹெடர் (proxy_set_header) வரி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

எந்தத் தளப் பெயருக்கும் பொருந்தாமல் வரும் கோரிக்கை, அந்தப் போர்ட்டில் முதலில் எழுதிய சர்வர் பகுதிக்கு (ஒரு தளத்துக்கான அமைப்புகளைக் கொண்ட server பகுதி) போய்விடும். உபுண்டு லினக்ஸில் தளங்களின் அமைப்புக் கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படுவதால், எது முதல் என்பதைக் கோப்பின் பெயர் தீர்மானிக்கும். அதை நம்பாமல், டிஃபால்ட் சர்வர் (default_server) என்று ஒரு பகுதியை நீங்களே எழுதி, 444 என்ற குறியீட்டைத் திருப்பும்படி வையுங்கள். பதில் சொல்லாமலே இணைப்பு மூடப்படும்.