மழைக்கு முந்தைய வேலைப் பட்டியலை நகலெடுக்கும்போது

வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே மழைநீர் சேகரிப்பைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவோம். மொட்டைமாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பெடுத்த பிறகுதான் வடிகட்டித் தொட்டியின் ஜல்லியை அள்ளிக் கழுவ வேண்டும். மாற்றிச் செய்தால் மாடிச் சருகும் சேறும் கழுவிய ஜல்லியில்தான் வந்து விழும். அதனால் வேலைப் பட்டியல் செயலியில் ‘இது முடிந்தால்தான் அது’ என்று கோத்து வைத்திருக்கிறேன்.

போன வருஷம் பழைய பட்டியலில் இருந்த வேலைகளை ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். புது ஜல்லி வேலை, முந்தின வருஷத்து ‘மாடி பெருக்கு’டனேயே கோத்திருந்தது. அதுதான் எப்போதோ முடிந்துவிட்டதே! வேலைக்கு வந்தவர் முதல் நாளே ஜல்லியைக் கழுவிவிட்டார். மறுபடியும் அள்ள வேண்டியதாயிற்று.

எதிலும் டிக் போடாத, தேதியில்லாத தாய்ப் பட்டியல் ஒன்றைத் தனியே வைத்து, அதை முழுதாக நகலெடுங்கள். ஆசானா (Asana) என்ற வேலைப் பட்டியல் செயலியில் ப்ராஜெக்டை, அதாவது முழுப் பட்டியலை, நகலெடுக்கும்போது ‘இது முடிந்தால்தான் அது’ என்ற சார்புகளையும் சேர்க்கத் தனி டிக் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். வேலையின் பெயரிலேயே வருஷத்தையும் எழுதிவிட்டால், கோத்திருப்பது 2025-ஆ 2026-ஆ என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.