காலி செய்த வீட்டில் விட்டுப்போன கோழி

எதிர் வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனபோது ஆசையாக வளர்த்த நாட்டுக்கோழியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று நாளாக அது பூட்டிய கேட்டுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது, பார்க்க மனசு கேட்கவில்லை. இருட்டியதும் போய்ப் பிடித்தேன், அந்த நேரத்தில் கோழி ஓடாது. தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுப்பட்டது.

கால் செதிலெல்லாம் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியது போல் வெள்ளையாக இருந்தது. செதிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும் மிகச் சிறிய உண்ணியால் வருவது இது, மற்ற கோழிகளுக்கும் ஒட்டும், அதனால் என் கோழிகளோடு விடாமல் 30 நாள் தனியாகப் பஞ்சாரத்தில் வைத்தேன். வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து விரலிடுக்கு வரை தடவினேன். எண்ணெய் மூடினால் உண்ணி மூச்சுமுட்டிச் செத்துவிடும். செதிலைப் பிய்க்கவே கூடாது, ரத்தம் வரும். அப்புறம் கால்நடை மருந்தகத்தில் அதற்கு வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தேன்.

நேற்று திண்ணை மூலையில் சாக்கின் மேல் முதல் முட்டை, தொட்டால் இன்னும் சூடாக இருந்தது.